வெடித்த ராக்கெட்டும் விளையாடியவர்கள் சொன்ன குறையும்



இந்த வார வரலாற்றுப் பதிவில் அரசர்களும் இல்லை, போர்களும் இல்லை. ஒரு கணினி விளையாட்டின் கதை. "ஓய்வு பெற்ற பிறகு சாருக்கு விளையாட்டு ஆசை வந்துவிட்டதா?" என்று சிரிக்காதீர்கள். விசை, வேகம், ஈர்ப்பு என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதியவனுக்கு இந்தக் கதையைப் படித்ததும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பள்ளி மாணவனிடமிருந்து தொடங்குகிறேன். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜிம் ஸ்டோரர் என்ற மாணவன், நிலவில் கலத்தை இறக்கும் ஒரு விளையாட்டை எழுதினான். படமே கிடையாது. உயரம், வேகம், மீதமுள்ள எரிபொருள் என்று எண்கள்தான் வரும். எவ்வளவு எரிபொருளை எரிக்க வேண்டும் என்று நாம் எண்ணால் பதில் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டின் ஒரு வாய்பாட்டில் இரண்டால் வகுக்க வேண்டிய ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. அதை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது 2024-இல். 55 ஆண்டு கழித்து வந்த விடைத்தாள் திருத்தம்!

இனி நம் கதை. பெலிப்பே பலாங்கே பிரேசில் நாட்டுக்காரர். பதின்ம வயதில் தகரத்தாளில் குட்டிப் பொம்மைகள் செய்து, பட்டாசு ராக்கெட்டில் கட்டிப் பறக்கவிடுவாராம். அந்தப் பொம்மைகளுக்கு அவர் வைத்த பெயர் 'கெர்பல்'. வளர்ந்த பிறகு மெக்சிகோ நகரத்தில் ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் வேலை. அது விளையாட்டு தயாரிக்கும் நிறுவனமே அல்ல. மற்ற நிறுவனங்களுக்கு விளம்பரம் சார்ந்த கணினி வேலைகள் செய்து கொடுப்பது. தன் ராக்கெட் விளையாட்டு யோசனையை அவர் முதலாளிகளிடம் சொன்னார். 2010 அக்டோபரில் சம்மதம் கிடைத்தது, ஆனால் கையில் இருக்கும் வேலையை முடித்த பிறகுதான் என்ற நிபந்தனையோடு. 2011 ஜனவரியில் வேலை தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி முதல் பதிப்பு பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது. விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம்.

அந்த முதல் பதிப்பில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஒரு சிறிய கோள், ஏவுதளம், சில இயந்திரங்கள், எரிபொருள் தொட்டிகள், ஒரு பாராசூட், மூன்று பச்சை நிறக் குட்டி விண்வெளி வீரர்கள். நிலவு கிடையாது. எங்கே போகிறோம் என்று காட்டும் சுற்றுப்பாதை வரைபடமும் கிடையாது. பாகங்களை ஒட்டவைத்து ராக்கெட் கட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலும் அது சாய்ந்து, முறிந்து, வெடிக்கும்.

இங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. வெடித்த பிறகு அந்த விளையாட்டு யாரையும் திட்டவில்லை. எந்த நொடியில் எந்தப் பாகம் கழன்றது, எது எதில் மோதியது என்று ஒரு பட்டியல் காட்டும். அவ்வளவுதான். மறுபடி கட்டலாம். ஆட்கள் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டினார்கள். சிலர் பேனாவும் தாளும் எடுத்துக் கணக்கும் போட்டார்கள்.

நீங்களும் போடலாம். அந்தக் கற்பனைக் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்; நம் பூமியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தரையில் ஈர்ப்பு முடுக்கம் நம்முடையதேதான், 9.81. தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையில் சுற்ற என்ன வேகம் வேண்டும்? 9.81-ஐ 600000-இன் வர்க்கத்தால் பெருக்கி, 700000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். நொடிக்குச் சுமார் 2246 மீட்டர் வரும். நிஜ பூமியைத் தாழ்வான பாதையில் சுற்ற நொடிக்கு 7800 மீட்டர் அளவுக்கு வேண்டும். விதி ஒன்றுதான்; கோள் சிறியது என்பதால் புதியவர்களுக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பாடத்திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

விளையாடியவர்கள் குறை சொல்லத் தொடங்கினார்கள். மேலே போய்விட்டோம், அப்புறம் எங்கே போவது? 2011 முடிவதற்குள் ஒரு நிலவு வந்தது. 2012 செப்டம்பரில் மற்ற கோள்கள் வந்தன. ஒருவர் விமானப் பாகங்களைத் தானாகவே வடிவமைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். நிறுவனம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2012 மே மாதப் பதிப்பில் அவர் செய்த பாகங்கள் விளையாட்டுக்குள் இடம்பெற்றன.

குறைகளில் ரொம்பவும் புகழ்பெற்றது ஒன்று உண்டு. கலம் மிக வேகமாகப் போகும்போது காரணமே இல்லாமல் நடுங்கி, துண்டு துண்டாகச் சிதறியது. விளையாடியவர்கள் அதற்குக் கடல் பூதமான 'கிராக்கன்' பெயரை வைத்தார்கள். காரணம் பூதம் இல்லை, தசமம்! எண் பெரிதாகப் பெரிதாக, கணினியால் கடைசி இலக்கங்களைத் துல்லியமாக வைத்திருக்க முடிவதில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்துப் பாகங்களின் இடம் கொஞ்சம் கொஞ்சம் பிசகி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இதற்குக் கண்ட தீர்வு அழகானது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், கலத்தை நிறுத்திவைத்து அதைச் சுற்றியுள்ள உலகத்தை நகர்த்தினார்கள். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது மரம் பின்னால் ஓடுகிறதே, அதுதான். சார்பு இயக்கப் பாடம்! திருத்தம் செய்ததோடு நிற்காமல், பாப் என்ற குட்டி நிலவில் செத்துக் கிடக்கும் ஒரு கிராக்கனையும் வேடிக்கையாக வைத்தார்கள்.

2012 டிசம்பரில் இரண்டு கலங்களை இணைக்கும் வசதி வந்தது. இதில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க நாமும் வேகம் கூட்டுவோம் அல்லவா? விண்வெளியில் அப்படிச் செய்தால் நம் பாதை உயர்ந்து, சுற்று நீண்டு, இன்னும் பின்தங்கிப் போவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழிறங்க வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்று போன ராக்கெட் அடுக்கை நெருங்கப் பார்த்து இதே சிக்கலில்தான் மாட்டினார். எரிபொருள் கரைந்ததும் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அவர் நிஜ விண்வெளியில் பட்ட பாட்டை இன்று ஒரு பள்ளிப் பிள்ளை வீட்டு மேசையில் பட்டுத் தெரிந்துகொள்கிறது.

2014 ஏப்ரலில் நாசாவோடு சேர்ந்து சிறுகோள் பயணத்துக்கான பகுதி வெளியானது. பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பும் வந்தது. 2015 ஏப்ரல் 27 அன்று 1.0 என்ற முழுப் பதிப்பு. முதல் வெளியீட்டிலிருந்து கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டும் விளையாடியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், செய்தவர்கள் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2017-இல் பெரிய நிறுவனம் ஒன்று இந்த விளையாட்டை வாங்கியது. இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில், அதுவும் முடிக்கப்படாத நிலையில், வந்தது. ஆனால் விலை சுமார் 50 டாலர். முதல் பாகத்தில் இருந்த பல வசதிகள்கூட இல்லை, பிழைகளோ ஏராளம். ஆட்கள் கோபப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அதைச் செய்த குழு வேலையிழந்தது. இரண்டு பாகமும் முழுமையாகாமல்தான் வெளிவந்தன. முதலாவது "எங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்" என்று இலவசமாக வந்தது. இரண்டாவது முழு விலை கேட்டது. முழு விலை கொடுத்தவன் எப்படிச் சிரித்துக்கொண்டே குறை சொல்வான்?

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? "விளையாட்டு சரியில்லை" என்று சொன்னவர்களால் பெரிய பயன் இல்லை. "வேகம் அதிகமானால் நடுங்குகிறது" என்று சொன்னவர்களால்தான் கிராக்கன் செத்தது. நான் விடைத்தாளில் எந்த வரியில் கணக்கு பிசகியது என்று ஓரத்தில் எழுதித் தருவேன். உங்களில் பலர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்பு வரை ஓயாமல் கேள்வி கேட்ட சில பிள்ளைகள், மேல் வகுப்பில் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் "அறிவியல் எனக்கு வராது" என்று ஒதுங்கியதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் ராக்கெட் ஒரு தடவைதான் வெடித்தது. எங்கே கழன்றது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை.

இப்போது உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். உங்களில் சிலர் ஆசிரியர்களாகவும் இருக்கிறீர்கள். அடுத்த முறை விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது, எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால் "எந்த வரியில் விட்டாய், காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அந்த வேகக் கணக்கை 200 கிலோமீட்டர் உயரத்துக்குப் போட்டு விடையைக் கீழே எழுதுபவர்களுக்குப் பழையபடி 'மிக நன்று' உண்டு. வழிமுறையும் வேண்டும், வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது!