வகையும் அளவும்: உறவுசார் தரவுவழி எந்திரக் கற்றலின் வரலாறு

பல்கலைக்கழகத் தரவுத்தளம் ஒன்றில் மாணவர், பாடம், ஆசிரியர் என்னும் அட்டவணைகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஆசிரியரின் துறை ஒரு வகை. அது தனித்த மாறி. மாணவரின் சராசரி மதிப்பெண் ஓர் அளவு. அது தொடர் மாறி. இவ்விரு மாறிகளையும் அட்டவணைகளின் பிணைப்பையும் ஒருசேரக் கற்கும் முறைகள் காலந்தாழ்ந்தே தோன்றின. அதற்கான காரணத்தையும் அதனால் நேர்ந்த இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மாறிகளின் கலப்பைப் புள்ளியியல் முன்னரே அறிந்திருந்தது. தனித்த மாறிகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தொடர் மாறிகள் ஓர் இயல்நிலைப் பரவலைக் கொள்ளும் என்னும் மாதிரியை 1961இல் ஓல்கினும் டேட்டும் முன்வைத்தனர். 1989இல் லாரிட்சனும் வெர்முத்தும் அதனைக் கோட்டுரு மாதிரியாக விரித்தனர். எனினும் இம்மரபு கருதிய தரவு, ஒன்றையொன்று சாராத வரிசைகளைக் கொண்ட ஒற்றை அட்டவணையே.

பிணைப்பைப் பற்றிய சிந்தனை வேறொரு வழியில் வளர்ந்தது. 1970இல் எட்கர் காட் உறவுசார் தரவு மாதிரியை வகுத்தார். 1999இல் ஃபிரீட்மன், கெட்டூர், கோலர், ஃபெஃபர் ஆகியோர் உறவுசார் தரவிலிருந்து நிகழ்தகவு மாதிரிகளைக் கற்கும் முறையை வெளியிட்டனர். 2006இல் ரிச்சர்ட்சனும் டொமிங்கோசும் மார்க்கோவ் தருக்க வலைகளை விளக்கினர். இவ்வழியில் எழுந்த ஆய்வுகள் பெரிதும் தனித்த மாறிகளையே கையாண்டன.

இவ்விரு மரபுகளும் விலகி நின்றமைக்குக் கவனக்குறைவு காரணமன்று. கணக்கீட்டின் கடுமையே காரணம் எனலாம். தனித்த மாறியை நீக்கக் கூட்டல் போதும். தொடர் மாறியை நீக்கத் தொகையீடு வேண்டும். இரண்டும் கலந்தால், தனித்த மாறிகளின் சேர்க்கைகள் பெருகுந்தோறும் பரவல்களும் பெருகும். சுற்றுகள் இல்லாத எளிய வலைகளிலும் இக்கணிப்பு கடினமானதே என 2001இல் லெர்னரும் பாரும் நிறுவினர். உறவுசார் தரவில் பொருள்கள் கூடக்கூட இச்சுமையும் ஏறும்.

ஆகவே, அளவுகளை வகுப்பிடைவெளிகளாக வெட்டிவிடுதல் வழக்கமாயிற்று. மதிப்பெண்ணை 35இல் வெட்டினால், 34க்கும் 35க்கும் இடையே சுவர் எழும். 35க்கும் 95க்கும் இடையே உள்ள வேறுபாடோ மறையும்.

இரு மரபுகளின் இணைவு பின்னரே நிகழ்ந்தது. 2008இல் வாங்கும் டொமிங்கோசும் மார்க்கோவ் தருக்க வலைகளில் எண் பண்புகளுக்கு இடமளித்தனர். 2015இல் ராவ்கிச், ரமோன், டேவிஸ் ஆகியோர் கலப்பு மாறிகளைக் கொண்ட உறவுசார் சார்பு வலைகளின் அமைப்பையும் அளவுருக்களையும் தரவிலிருந்தே கற்கும் முறையை அளித்தனர். தொடர் மாறிகளை வெட்டாது நேரடியாகக் கற்ற மாதிரிகளே கூடுதல் துல்லியம் உடையவை என்பதை அவர்களுடைய சோதனைகள் காட்டின.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. அளவை வகையாக வெட்டுதல் கற்றலுக்கு முந்தைய ஆயத்தப்பணி போலத் தோன்றினும், அது மாதிரியைப் பற்றிய ஒரு கோட்பாட்டு முடிவே ஆகும். எனவே எவ்வெல்லையில், எக்காரணத்தால் வெட்டப்பட்டது என்பதை ஆய்வாளர் தம் முடிவுகளோடு சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும்.