மூன்று குவியல்

ஒப்பந்தம் என்றதும் முத்திரைத் தாளும் கைச்சாத்தும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. எங்கள் மன்னார்ப் பகுதியில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பின் வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொரு காட்சி தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்கரைகளுக்குக் கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபு வளைகுடா எனப் பல திசைகளிலிருந்தும் குளியாளிகள் வந்தார்கள். பிற்பகலில் தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளை வேலியடைப்புக்குள் கொண்டுபோய் அவர்களே மூன்று சம குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் குளியாளிக்கு என்பதை அரச அதிகாரி சுட்டிக்காட்டுவார். மற்ற இரண்டும் அரசுக்கு. அன்று மாலையே அவை ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் மற்றவர். எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாத குளியாளி, எதைக் குறைத்து எதைக் கூட்டுவான்? வெவ்வேறு மொழி பேசியவர்களை ஒரே உடன்படிக்கையில் நிறுத்தியது இந்த எளிய முறைதான்.

இதற்கு மாறான ஒப்பந்தங்களும் இக்கடலில் நடந்தன. பிரித்தானியர் கரையோரத்தைக் கைப்பற்றிய 1796-ஐ அடுத்த ஆண்டுகளில் சலாபம் முழுவதையும் குத்தகைக்கு விட்டார்கள். 1798-இல் மட்டும் 1,92,000 பவுண் வருமானம் கிடைத்தது. அளவுக்கு மீறி அள்ளியதால் பார்கள் வெறுமையாகின. பின்னர் 1905-இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த விளைச்சலின் நம்பிக்கையில் 1906-இல் லண்டன் முதலாளிகளின் நிறுவனமொன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு, இருபது ஆண்டுகளுக்கு இப்பார்களைக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி விளையவில்லை. இருபது ஆண்டு முடியும் முன்பே நிறுவனம் கலைந்தது.

மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டியவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். கரர் எனப்படும் நிச்சயமின்மையால் கூடாத வியாபாரங்களுக்கு அவை காட்டும் உதாரணங்களுள் ஒன்று, குளியாளியின் முழுக்கை முன்கூட்டியே விற்பது. அடுத்த முழுக்கில் வருவது முத்தோ வெறுங்கையோ, யாருக்கும் தெரியாது. இதுபற்றி இப்னு மாஜாவில் வரும் ஹதீஸின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பார்கள். ஆனாலும் அந்த உதாரணம் சட்ட நூல்களில் நிலைத்துவிட்டது. லண்டன் நிறுவனம் வாங்கியது இருபது ஆண்டு முழுக்கை. குவியல் முறையிலோ கடல் கொடுக்காவிட்டால் இரு தரப்புக்கும் இல்லை.

குவியல் முறையும் குறையற்றதல்ல. பங்கு நியாயமாக இருந்தாலும், குளியாளி ஊரில் வாங்கிய முற்பணம் அவன் கழுத்தில் கிடந்தது. வளைகுடாவில் இந்த முற்பணக் கடன் குளியாளியைத் தலைமுறை தலைமுறையாக நாகுதாவுடன் கட்டிப்போட்டது. எழுதத் தெரிந்தவர் சொன்னதே கணக்கு. 1920-களில் பஹ்ரைனில் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தங்களுள் ஒன்று, ஒவ்வொரு குளியாளிக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது. எழுத்து வேண்டியிருப்பது பலவீனமானவனுக்குத்தான்.

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. என் வாப்பா வயலை வாய்ச்சொல்லில் வாரத்துக்கு விட்டிருந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் போனோம். போர் முடிந்து திரும்பி வந்தபோது சாட்சிகள் இருவரும் மௌத்தாகிவிட்டார்கள். வாரத்துக்கு எடுத்தவரின் பிள்ளைகள், தங்கள் தகப்பன் விலைக்கு வாங்கியதாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேள்விப்பட்டது அதுதான். வாப்பாவிடம் காட்ட ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறாவின் 282-ஆவது வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றிப் பேசுகிறது. சிறு தொகையானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்பதும் அதில் உண்டு. நம்மவர்களோ, "எங்களுக்குள் என்ன எழுத்து?" என்று கேட்கிறோம். எழுதுவது அவநம்பிக்கை அன்று. நம் காலத்துக்குப் பின் நம் பிள்ளைகளும் ஒருவரையொருவர் நம்புவதற்கு நாம் விட்டுச் செல்லும் வழி அது.