நூறில் ஒரு பங்கு வடக்குப் பாதை

நான் தேடிய எந்தக் கடையிலும் காங்கேசன்துறைக்குப் போய்வந்த சரக்குப் பெட்டியின் மொடல் ஒன்று இல்லை. ஆங்கிலேய நிலக்கரிப் பெட்டி இருக்கிறது. ஜெர்மனியின் பெட்டிகள் இருக்கின்றன. அமெரிக்கப் பெட்டிகள் அலுமாரி அலுமாரியாக அடுக்கிக் கிடக்கின்றன. நம்முடையது வேண்டுமென்றால் வெறும் பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டி நாமே செய்யவேண்டும். இப்படி ஒன்றுமில்லாததிலிருந்து செய்வதை மொடல்காரர்கள் ‘ஸ்க்ராட்ச் பில்ட்’ என்கிறார்கள். அதற்கு அவர்கள் அதிகம் எடுப்பது ஸ்டைரீன் தாள்.

நான் செய்தேன். 55 மில்லிமீற்றர் நீளம், நாலு சில்லு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் இதில் செய்முறையைவிட வரலாறுதான் அதிகம் வரப்போகிறது. படம் பார்த்து ஒரு பெட்டியை வரைந்தால் சில கேள்விகளை மறைத்துவிடலாம். வெட்டி ஒட்டும்போது மறைக்க முடியாது. எவ்வளவு அகலம், எந்த வருடம், உள்ளே என்ன ஏற்றினார்கள் என்று ஒவ்வொரு துண்டும் கேட்கும்.

முதல் கேள்வி தண்டவாளம்.

நான் இருக்கும் பக்குரங்காவில் ரயில் நிலையமே கிடையாது. தாமக்கி ஆற்றைக் கடந்து பன்மியூருக்குப் போகவேண்டும். அந்த வழியாகப் போகும் பாதை 1930-ல் திறந்தது. பன்மியூரில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறிய எவருக்கும் ஒன்று உறுத்தும்: இரண்டு தண்டவாளமும் மிக நெருக்கமாக இருக்கும். நியூசிலாந்தின் பாதை அகலம் 1067 மில்லிமீற்றர், அதாவது மூன்றரை அடி. இலங்கையில் 1676 மில்லிமீற்றர், ஐந்தரை அடி. இரண்டையும் அமைத்தது ஒரே பேரரசுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

நியூசிலாந்து முதலில் அகலமாகத்தான் தொடங்கியது. 1863-ல் கான்ரர்பரியில் ஓடிய முதல் பொது ரயிலின் பாதை 1600 மில்லிமீற்றர். தெற்கே சவுத்லாந்து மாகாணம் இன்னொரு அகலத்தை எடுத்தது. மாகாணத்துக்கு ஒரு அகலம் என்று போனால் நாடு முழுவதற்கும் ஒரு ரயில் ஓடாது என்பது விளங்கியது. 1870-ல் ஜூலியஸ் வோகலின் அரசாங்கம் கடன் வாங்கிப் பெரிய அளவில் பாதை போடத் திட்டமிட்டபோது, மலைநாட்டில் வளைவுகள் இறுக்கமாக வரவேண்டும், செலவும் குறையவேண்டும் என்று மூன்றரை அடியை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஆளும் பணமும் குறைந்த குடியேற்றம் ஒன்றின் கணக்கு அது.

இலங்கையின் கணக்கு வேறு. அங்கே இந்தியாவின் ஐந்தரை அடியை எடுத்துக்கொண்டார்கள். பாதை போட்டது கோப்பிக்காக. 1864 டிசம்பர் 27-ல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. 1867-ல் கண்டிக்குப் போய்விட்டது. தோட்டத்துக் கோப்பி கப்பலுக்கு வர மாட்டுவண்டியில் பிடித்த நாட்கள் மணித்தியாலங்களாகின. ஆனால் அந்தக் கோப்பியைப் பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே எத்தனையோ பேர் இறந்தார்கள். கோப்பிக்கு ரயில், கோப்பி பறித்தவர்களுக்கு நடை. இந்தப் பகுதியை வாசித்த இரவு நான் கத்தியைத் தொடவில்லை.

தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914-ல். அதே வருடம் எதிர்க்கரையில் பாம்பன் பாலமும் திறந்தது. இடையில் இருந்த கடலைக் கப்பல் கடத்தியது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கடலுக்கு மேல் பாலமே கட்டியிருந்தாலும் இலங்கைப் பெட்டி ஒன்று சென்னைக்கு உருண்டு போயிருக்க முடியாது. தனுஷ்கோடிக்கு வந்தது மீற்றர் பாதை, தலைமன்னாரில் இருந்தது ஐந்தரை அடிப் பாதை. ‘இந்தியாவின் அகலம்’ என்று எடுத்துக்கொண்டது, இந்தியாவின் மிக அருகிலுள்ள முனையில் பொருந்தவில்லை.

இனி மேசைக்கு வருவோம். ‘எச் ஓ’ என்ற மொடல் தண்டவாளம்தான் உலகம் முழுவதும் அதிகம் விற்பது. அதன் அகலம் 16.5 மில்லிமீற்றர். நியூசிலாந்து மொடல்காரர்கள் பலர் 64-ல் ஒரு பங்கு அளவில் செய்வார்கள். 1067-ஐ 64-ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.67. அதே எச் ஓ தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்துகிறது. இப்போது 1676-ஐ நூறால் வகுத்துப் பாருங்கள். 16.76! கால் மில்லிமீற்றர்தான் பிசகு. பிரித்தானிய மொடல்காரர்கள் இதே தண்டவாளத்தில் 76-ல் ஒரு பங்கு ரயிலை ஓட்டுகிறார்கள். அவர்களுடைய பாதை உண்மையைவிட 2 மில்லிமீற்றருக்கு மேல் ஒடுக்கம். அதற்கு அவர்கள் வெட்கப்படுவதில்லை, நான் ஏன் கால் மில்லிமீற்றருக்கு வெட்கப்படவேண்டும்? நூறில் ஒரு பங்கு என்பதில் இன்னொரு சுகம், கணக்கு தேவையில்லை. ஒரு மீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றர். அவ்வளவுதான்.

அளவு எடுக்க ஒரு தந்திரம் சொல்கிறேன், வேறு எதற்கும் உதவும். பழைய படத்தில் பெட்டியின் பின்பக்கம் நேராகத் தெரிந்தால், தண்டவாளத்துக்கு இடையிலான தூரம் 1676 என்று நமக்குத் தெரியும். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு அளக்கலாம். வரைபடம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு எண் கையில் இருந்தால் போதும்.

பொலிஸ்டைரீன் என்ற பொருளுக்கும் ஒரு கதை உண்டு. 1839-ல் பெர்லினில் எட்வார்ட் சைமன் என்ற மருந்துக்கடைக்காரர், சாம்பிராணிபோல் மணக்கும் ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்தார். வந்த எண்ணெய் சில நாளில் தானே கெட்டியானது. அது ஏன் கெட்டியாகிறது என்பதை ஹெர்மன் ஸ்டாடிங்கர் விளக்குவதற்கு 1920-கள் வரவேண்டியிருந்தது. நாம் வாங்கும் வெள்ளைத் தாள் அந்த வம்சம்தான்.

அதை வெட்டத் தேவையில்லை. இரும்பு அடிமட்டத்தை வைத்துக் கத்தியால் இரண்டு தடவை கீறிவிட்டு மடக்கினால் ‘டக்’ என்று நேராக உடையும். பக்கச் சுவருக்கு அரை மில்லிமீற்றர் தாள், தரைக்கு ஒரு மில்லிமீற்றர் தாள். ஒட்டுவதற்கு நாம் பாவிப்பது உண்மையில் பசையே அல்ல. இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, தூரிகையில் ஒரு துளி கரைப்பானைத் தொட்டு வைத்தால், அது இடுக்குக்குள் தானே ஓடி இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், உள்பக்கத் தாளில் சிறு துளைகள் போட்டுவிடுங்கள். உள்ளே அகப்பட்ட கரைப்பான் வெளியே வர வழியில்லாவிட்டால், சில மாதம் கழித்துச் சுவர் வாழை இலை மாதிரி வளையும்.

இரும்புத் தகட்டில் தெரியும் ரிவெற் ஆணித் தலைகளுக்கு, மழுங்கிய ஊசியால் தாளைப் பின்பக்கமிருந்து குத்தவேண்டும். ஒரு சுவரில் எண்பது புள்ளி. பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்யலாம். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு மோதுகட்டைகள் வரவேண்டும்; குழாய்த் துண்டும் குண்டூசித் தலையும் அதற்குப் போதும். சில்லும் அச்சும் மட்டும் கடையில் வாங்கியது.

பாரமில்லாத பெட்டி தண்டவாளத்தில் நிற்காது. அமெரிக்க மொடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி எச் ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். என் பெட்டிக்கு அது சுமார் 59 கிராம். நூறில் ஒரு பங்கு என்றால் எடையைப் பத்து லட்சத்தால் பெருக்கவேண்டும். அப்படியென்றால் என் பெட்டி 59 தொன்! நாலு சில்லு வைத்த பழைய சரக்குப் பெட்டி ஒன்றுக்கு அந்தப் பாரம் மிக அதிகம். நீளத்தைச் சுருக்கலாம், அகலத்தைச் சுருக்கலாம். பாரம் மட்டும் அந்தக் கணக்குக்கு அடங்காது.

எந்த வருடத்துப் பெட்டி என்று முடிவெடுப்பதுதான் எங்கள் வீட்டில் சண்டையானது.

வடக்குக்கு ரயில் பிந்தித்தான் வந்தது. பாதையின் வட முனை, காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை, 1902-ல் தனித் துண்டாகத் தயாரானது. தெற்கோடு இணைப்பு இல்லாத துண்டு அது. அதன் இயந்திரமும் பெட்டியும் கடல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 1905 ஓகஸ்ட் 1-ல் கொழும்பு ரயில் யாழ்ப்பாணம் வந்தது. கோப்பிக்காரருக்கு ரயில் கிடைத்து நாற்பது வருடத்துக்குப் பிறகு. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அதன்பின் தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பங்கர்களுக்குக் கூரையாகின. இரண்டு தரப்பும் அதைச் செய்தது. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டு, 2014 ஒக்ரோபர் 13-ல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இருபத்துநாலு வருடம் அங்கே ரயில் இல்லை.

“எரிஞ்ச பெட்டியாச் செய் அக்கா, துருப்பிடிச்சு, ஓட்டை ஓட்டையா. அதுதான் உண்மை” என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அவனும் பார்த்து வளர்ந்த படங்கள் அவைதான்: கூரையில்லாத நிலையம், தண்டவாளம் இல்லாத மண்மேடு, அதன் நடுவே வளர்ந்த மரம். மொடல்காரர்களுக்கும் துருப்பிடிக்க வைப்பது பிடித்த வேலை. கண்காட்சியில் வைத்தால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

அம்மம்மா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டா: “உள்ளுக்கை என்ன பிள்ளை ஏத்தப் போறாய்?”

எங்களுக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. 1905-லிருந்து 1990 வரை எண்பத்தைந்து வருடம். அதில் பெரும்பகுதி அந்தப் பாதை செய்தது பாரம் சுமக்கும் வேலை. ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தால் போன பாதை அது. 1950-ல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் வாசலில் முடிந்த பாதை. புகையிலை, மிளகாய், வெங்காயம். அம்மம்மாவுக்குச் சுன்னாகம் நிலையம்தான் ஞாபகம், சந்தைக்கு வந்த சாக்குகள்தான் ஞாபகம்.

வெங்காயத்துக்கு ஒரு காலம் இருந்தது. 1970-லிருந்து 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாடு முழுவதும் வடக்கின் தோட்டக்காரரைப் பார்த்து நின்றது. கிணற்றடியில் தண்ணீர் இறைத்துச் செம்மண்ணில் பயிர் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977-க்குப் பிறகு புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட, விலை விழுந்தது. அதே வருடங்களில் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் பிள்ளைகளின் வழியை அடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அது பொற்காலம் ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி நிறைந்து போனது.

எங்கள் பெற்றோரின் ஊரைப் பற்றி எங்களிடம் யாராவது கேட்டால் நாங்கள் இழந்ததிலிருந்துதான் தொடங்குகிறோம். ஒரு பாதை அழிந்தது என்று சொல்லும்போது, எது ஓடிய பாதை என்று கேட்டால் பதில் தெரியவேண்டாமா? எரிந்த பெட்டியைப் பார்க்கிறவர் போரைப் பார்ப்பார். சாக்கு ஏற்றிய பெட்டியைப் பார்க்கிறவர்தான் போர் எதை நிறுத்தியது என்று பார்ப்பார். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய எரிந்த பெட்டியை அவனே செய்யட்டும் என்று மிச்சத் தாளைக் கொடுத்திருக்கிறேன்.

என்னுடையது 1974. செங்கபில நிறம், கொஞ்சம் புழுதி, கதவு பாதி திறந்தபடி. 59 கிராமுக்கு இரும்பு நட்டுகளைத் தரையில் ஒட்டி, அவற்றின் மேல் சாக்குகளை அடுக்கினேன். மெல்லிய கடதாசியைப் பசைத் தண்ணீரில் நனைத்து உருட்டினால் சாக்கு ஆகிவிடும். ஒரு சாக்கின் வாயை மட்டும் அவிழ்த்து விட்டேன். மூன்று சென்ரிமீற்றர் சின்ன வெங்காயம் நூறில் ஒரு பங்கில் 0.3 மில்லிமீற்றர், ஒரு மணல் பருமன். பக்லண்ட்ஸ் பீச்சில் ஒரு சிட்டிகை மணல் எடுத்து, அரித்து, ஊதாச் சிவப்பில் தோய்த்துக் காயவைத்துக் கொட்டினேன். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, நிறம் இன்னும் கொஞ்சம் வெளிறியிருக்கவேண்டும் என்றா. வெளிறவைத்தேன். அடுத்தது கார்ட் பெட்டி.