முதலெழுத்தும் முன்மொழிவும்

மொழியியல் மாநாடுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள், மாநாடு எந்த ஊரில் கூடியது, யார் தலைமை வகித்தார், எந்தக் கட்டுரை பேசப்பட்டது என்று எழுதுவார்கள். மேடைக்கு முந்தைய கட்டத்தைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. யாருடைய ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது, யாருடையது திருப்பி அனுப்பப்பட்டது, எந்தக் கேள்விக்குத் தனி அமர்வு கிடைத்தது என்பதெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பெண்கள் உள்ளே வந்ததும் வெளியே நின்றதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

உப்பளத்தில் என் வீட்டுக்கு மொழியியல் படிக்கும் மாணவிகள் சிலர் வருவதுண்டு. சுருக்கத்தை அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்வார்கள். ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கம். அதற்குள் கேள்வி, தரவு, வாதம், முடிவு எல்லாம் அடங்க வேண்டும். பெயர் இருக்கக் கூடாது. கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயரையும் அழிக்க வேண்டும். "நான் முன்பு காட்டியபடி" என்று எழுதினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அதுவும் ஆகாது. சென்ற ஆண்டு ஒருத்தி கேட்டாள்: "நான் எழுதினதுதானக்கா? பேர எதுக்கு எடுக்கணும்?"

நியாயமான கேள்வி. பெயரில்லாமல் போனதுதானே பெண்களின் வரலாறு? சங்கப் பாடல்களில் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்பதில் இன்றும் அறிஞர்களிடையே ஒரே கணக்கு இல்லை. பெயரை வைத்துப் பாலினத்தை உறுதி செய்ய முடியாத இடங்கள் உண்டு. அப்படியிருக்க, நாமே நம் பெயரை அழிக்கலாமா?

பதில் சொல்லக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. முன்னின்றவர்களாக நாம் படிக்கும் பெயர்கள் தனிநாயகம் அடிகள், வ. அய். சுப்பிரமணியம், கமில் சுவெலபில், ழான் ஃபிலியோசா. ஃபிலியோசாதான் 1955இல் நம் ஊரில் பிரெஞ்சு நிறுவனத்தைத் தொடங்கியவர். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968இல் சென்னையில். அதையொட்டி மெரினாவில் நிறுத்தப்பட்ட பத்துச் சிலைகளில் இரண்டு பெண்களுடையவை: ஔவையார், கண்ணகி. 1970இல் பாரிசில் நடந்த மூன்றாம் மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பு 1973இல் புதுச்சேரியில், செயின்ட் லூயி வீதியிலிருக்கும் அந்த நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. உப்பளத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்.

அந்தத் தலைமுறை செய்த பணி பெரிது. தமிழாய்வு உலக அரங்குக்குப் போனது அவர்களால்தான். ஆனால் அறிமுகமானவரை அறிமுகமானவர் அழைக்கும் உலகத்தில், யாரும் அறிமுகப்படுத்தாத பெண் எந்த வாசல் வழியாக நுழைவாள்? பெண்ணுக்குச் சிலை வைப்பது எளிது. அவளுக்குப் பேச இருபது நிமிடம் ஒதுக்குவது வேறு காரியம்.

பெயர் மறைத்த சுருக்கம் அந்த வாசல்களில் ஒன்று. இது வெறும் நம்பிக்கை அல்ல. மொழியின் பரிணாமம் குறித்து 'எவோலாங்' என்ற பெயரில் ஒரு சர்வதேச மாநாடு நடக்கிறது. அதன் பதினோராவது கூட்டம் 2016இல் நியூ ஆர்லியன்சில் நடந்தபோது, எழுதியவர் பெயரை மதிப்பீட்டாளர்களிடமிருந்து மறைக்கும் முறை புதிதாக வந்தது. ஷான் ராபர்ட்சும் தெஸ்ஸா வெர்ஹூஃபும் மதிப்பெண்களை முந்தைய மாநாடுகளோடு ஒப்பிட்டார்கள். பெயர் தெரிந்து மதிப்பிட்ட காலத்தில் ஆண், பெண் இருவருடைய மதிப்பெண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பெயரை மறைத்தபோது, பெண்கள் முதலாசிரியராக இருந்த கட்டுரைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றன. முன்பு தெரிந்தது சமத்துவம் அல்ல, பெயருக்காகக் குறைத்த மதிப்பெண் என்று இதைப் படிக்கலாம். ஒரே மாநாட்டின் கணக்குதான். எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மாணவியின் கேள்விக்கு நான் இதைத்தான் சொன்னேன்: அழிந்துபோன பெயர் வேறு, கதவு திறக்கும்வரை நாமே மடித்து வைத்திருக்கும் பெயர் வேறு.

மடித்து வைத்ததை விரிக்கும்போது வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. நம் ஊரில் பெயருக்கு இரண்டு மரபுகள். 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணையின்படி, தம் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். முன்னின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்' ஆனார். மற்றவர்களுக்கு முதலெழுத்துதான். இரண்டிலும் பெண்ணின் பெயரோடு ஒட்டியிருப்பது ஓர் ஆணின் பெயர்; திருமணத்தில் அதுவும் மாறும். என் முதல் கட்டுரை அப்பாவின் எழுத்தோடும், அடுத்த இரண்டு கணவரின் எழுத்தோடும் அச்சாயின. நூற்பட்டியலில் தேடுபவருக்கு நான் இரண்டு பேர். ஒரு மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் உடன் பேசியவரை 'முனைவர்' என்றும் என்னைத் 'திருமதி' என்றும் அச்சிட்டார்கள். இருவரும் முனைவர்களே.

முதலெழுத்து சில சமயம் நம்மை மறைத்தும் விடுகிறது. 1992இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து செவ்வியல் தமிழ்க் கவிதைக்கு விரிவான இலக்கணம் ஒன்று வெளிவந்தது. எழுதியவர் பெயர் வி. எஸ். ராஜம். 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய நூல்வரிசையில், பதினாறாம் நூற்றாண்டில் அன்றிக்கு அடிகள் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தை ஜீன் ஹெய்னுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. ராஜம் ஒரு பெண் என்று சொன்னால் என் மாணவிகள் வியப்பதுண்டு. இலக்கணம் எழுதியவர் என்றதும் மனத்தில் எழுவது ஆணுருவம்.

அந்த உருவம் நாம் படிக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலும் இருக்கிறது. யார் புத்தகம் வாசிக்கிறார், யார் சமைக்கிறார், யார் அடிக்கிறார், யார் அழுகிறார் என்று பாருங்கள். தொடரியல் பாடநூல்களை வைத்து மெக்காலேயும் பிரைசும் 1997இல் இதை எழுதினார்கள். மொழியியல் இதழ்களின் இருபது ஆண்டு வாக்கியங்களை எண்ணிப் பார்த்து ஹடாஸ் கோட்டக்கும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட கட்டுரையிலும், பெண்களைவிட ஆண்கள் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறார்கள். சுருக்கத்தில் நம் பெயரை எடுக்கலாம். வாக்கியத்தில் யார் பெயரை வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவும் சுருக்கத்தைப் பற்றி. பயிலரங்கு முன்மொழிவு இதற்கு நேரெதிர். அங்கே பெயரை மறைக்க முடியாது. அமைப்பாளர் யார், பேச ஒப்புக்கொண்டவர்கள் யார், இந்தக் கேள்விக்கு ஏன் ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் எழுத வேண்டும். ஐரோப்பிய மொழியியல் கழகத்தின் மாநாட்டுக்கு, பேசவிருப்பவர்களின் குறுஞ்சுருக்கங்களோடு நவம்பரில் முன்மொழிவு போக வேண்டும். முழுச் சுருக்கங்கள் ஜனவரியில். மாணவிகள் பலர் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். "நாம போய் அமர்வு கேக்குறதாக்கா?" என்ற தயக்கம்.

கேட்டவர்களால்தான் இந்தத் துறையே திசை மாறியது. 1928இல் ஹேக் நகரில் மொழியியலாளரின் முதல் உலக மாநாடு நடந்தது. முன்கூட்டியே சில கேள்விகளைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். ஒரு கேள்விக்கு ரோமன் யாக்கப்சன் முன்மொழிவாக ஒரு பதில் எழுத, ட்ரூபெட்ஸ்காயும் கார்ட்செவ்ஸ்கியும் உடன் கையெழுத்திட்டார்கள். ஒலியனியல் ஒரு தனித்துறையாக எழுந்ததற்கு அந்தத் தாள் ஒரு தொடக்கம். கையெழுத்திட்ட மூவரும் ஆண்கள். 1973இல் ராபின் லேக்காஃப் மொழியில் பெண்ணின் இடம் பற்றி எழுதினார். கட்டுரை வந்ததோடு விடாமல், 1985இல் பெர்க்லியில் பெண்களும் மொழியும் என்றே ஒரு மாநாட்டைக் கூட்டினார்கள். மற்றவர்களின் அமர்வில் ஓரத்து இடம் கேட்பதைவிட, தங்கள் கேள்விக்குத் தாங்களே அரங்கம் அமைத்தார்கள். பாலினமும் மொழியும் ஒரு துறையானது அப்படித்தான்.

உப்பளம் என்ற பெயரிலேயே உப்பு விளைந்த நிலம் இருக்கிறது. வாழ்க்கைத் தொழில் மறைந்தபின் அந்தத் தொழிலின் சொற்கள் யாரிடம் மிஞ்சும்? 'சொல்தா' வீடு, 'மேரி', 'லிசே' என்று பிரெஞ்சுச் சொற்களை அன்றாடம் புழங்கும் நம் ஊர்த் தமிழில், ஓய்வூதியத் தாள்களோடு அலுவலகம் ஏறி இறங்கிய விதவைகளின் பங்கு என்ன? மீன் விற்கும் பெண்கள் விலை பேசும் பேச்சுக்கு இலக்கணம் என்ன? தரவு தந்த பெண் சுருக்கத்தில் 'தகவலாளி' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடாமல் இருக்க என்ன வழி? இவை ஒரு நாள் முழுவதும் பேச வேண்டிய கேள்விகள். வேறு யாரும் இவற்றை நமக்காக முன்மொழியப் போவதில்லை.

விசா, பயணச் செலவு, குழந்தையை யாரிடம் விடுவது என்பதெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் ஏற்பு வந்தபின்தான் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். முன்மொழிவை எழுத ஒரு மேசையும் துணைக்கு இன்னும் இரண்டு பெண்களும் போதும். அமைப்பாளர் என்ற இடத்தில் மூன்று பெயர்களையும் முழுதாக எழுதுங்கள். இனி எல்லாக் கட்டுரையிலும் அதே பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.