மட்டக்களப்பு நூல்களைத் தேட ஓர் எண்

இடப்பெயர்வுகளில் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் பல வீடுகளின் புத்தகங்கள் அழிந்தன. அவற்றின் பிரதிகளை 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்திலும், வெளிநாட்டு நூலகங்களின் இணையப் பட்டியல்களிலும் தேடலாம்.

சிக்கல் பெயரில்தான். ஒரு பட்டியலில் 'கூத்து', இன்னொன்றில் 'நாட்டார் அரங்கு'. வேறொன்றில் ஊர்ப்பெயரே ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே கைகொடுப்பது 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு. இலங்கை வரலாறு 954.93, அரங்கு 792, நாட்டாரியல் 398, இசை 780, தமிழ் இலக்கியம் 894.811. இப்பகுப்பைப் பின்பற்றும் நூலகம் எந்த நாட்டில் இருந்தாலும் எண் மாறாது. என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' தொகுதிகளும் இந்த ஒழுங்கில்தான் அமைந்துள்ளன. எண் தராத தளத்தில் அதே பொருட்பெயரைத் தெரிவுசெய்து உலாவுங்கள்.

ஆனால் எண்ணைப் போடுபவரும் மனிதர்தானே. காரைதீவில் பிறந்த விபுலானந்தரின் 'யாழ் நூல்' (1947) இசை நூல். சிலப்பதிகார ஆய்வு என்று இலக்கியத்தில் மட்டும் தேடினால் தவறிவிடும். 'மட்டக்களப்பு மான்மியம்' வரலாறா, ஐதீகமா? ஒரு நூலகர் 954.93 என்பார், மற்றவர் 398 என்பார். இரண்டு இடத்திலும் பாருங்கள். தேடிய நூல் கிடைத்தாலும் உடனே திரும்பிவிடாமல், அதே எண்ணில் உள்ள மற்ற நூல்களையும் ஒருமுறை புரட்டுங்கள். பெயர் மறந்துபோன புத்தகங்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.