தோட்டத்து ஆட்டம் மேடையேறிய வரலாறு

கூலிக்காரர் ஆட்டத்தில் என்ன கலை இருக்கிறது? தோட்டப்புறத் தப்பாட்டத்தைப் பார்த்து ஒரு காலத்தில் பலர் கேட்ட கேள்வி இது. கரீபியன் தீவுகளிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு ஒரு பெண் தந்த பதில் உலக நடன வரலாற்றையே மாற்றியது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை. தாளத்தை மட்டும் உடம்பில் சுமந்து வந்தார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் பல இடங்களில் முரசைத் தடை செய்தும் அந்தத் தாளம் அடங்கவில்லை.

1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அவர்களோடு மாரியம்மன் வழிபாடும் தப்பும் மத்தளமும் கடல் கடந்தன. பின்னாளில் ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழருக்கு அந்தத் தீவின் கதை அந்நியமானதல்ல.

இந்தத் தீவுகளைத் தேடி 1935இல் வந்தவர்தான் கேத்தரின் டன்ஹாம். 1909இல் பிறந்த கறுப்பின அமெரிக்கப் பெண். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைட்டி என்று ஊர் ஊராகச் சென்று மக்களோடு தங்கினார், ஆடினார், குறிப்பெடுத்தார். ஒவ்வோர் அசைவும் எந்தச் சடங்கில், எதற்காக ஆடப்படுகிறது என்பதை ஆடுகிறவர்களிடமே கற்றார்.

மார்த்தினிக்கில் முரசுத் தாளத்துக்கு ஆடும் ஒரு சண்டை ஆட்டம் உண்டு. அதை மையமாக வைத்து 1938இல் 'லாகியா' என்னும் நாட்டிய நாடகத்தை அவர் சிக்காகோவில் மேடையேற்றினார். முழங்கால் மடக்கி நிலத்தோடு ஒட்டி ஆடுவது, தலை, தோள், இடுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளத்தில் அசைப்பது ஆகியவற்றை மேலைநாட்டு நடனப் பயிற்சியோடு இணைத்தார். அதுவே 'டன்ஹாம் முறை' ஆயிற்று. 1940களில் நியூயார்க்கில் பள்ளி தொடங்கி அதைக் கற்பித்தார்.

புகழ் வந்த பிறகும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. கறுப்பர்களைக் கும்பலாகத் தூக்கிலிடும் கொடுமையைக் கண்டித்து 1951இல் சிலி நாட்டில் 'சவுத்லேண்ட்' நடனத்தை அரங்கேற்றினார். 1992இல் ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியபோது, 82 வயதில் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2006இல் மறைந்தார். அவருடைய முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஜொகூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அரபு வணிகர் வழியே வந்தது ஸாப்பின் ஆட்டம். ஜொகூர் மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வட்டாரத்துக்கொரு வகையாகப் பெயரிட்டு, பயிற்சி தந்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்பதைவிட யார் கற்றுக் காத்தார்கள் என்பதே ஒரு கலையின் ஆயுளை முடிவு செய்கிறது.

தமிழர் தோட்டக் கலைகளின் நிலை என்ன? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தப்பின் அடிகளும் கும்மியின் சுற்றுகளும் கரகத்தின் நடையும் அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். டன்ஹாம் போல அவர்கள் அருகில் உட்கார்ந்து கற்க, எழுதி வைக்க, இளைஞர்கள் முன்வர வேண்டும். அந்த முதியவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.