விஜயதசமி அம்பு எங்கிருந்து வந்தது?

நவராத்திரிக்கு இன்னும் இரண்டே மாதம்தான் இருக்கு. உலு திராம் கோயில் தொண்டர்கள் நாங்கள் இப்பவே அம்பு வேலையை ஆரம்பிக்கணும். அதனால் அம்பின் வரலாற்றைக் கொஞ்சம் எழுதுகிறோம். பொறுமையா படிங்க.

விஜயதசமி அன்று அம்பாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடுவது மகிஷனை வென்றதன் அடையாளம். அஞ்ஞாதவாசத்துக்காக வன்னி மரத்தில் ஒளித்து வைத்த ஆயுதங்களை அர்ஜுனன் திரும்ப எடுத்த கதையையும் இந்த நாளோடு சேர்த்துச் சொல்லுவாங்க. ராமநாதபுரத்தில் சேதுபதிகள் நடத்திய இந்த விழாவுக்கு மகர்நோன்பு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் மானம்பூ என்பார்கள். அங்கே வாழையை வெட்டுவது வழக்கம்.

சரி, அம்பு எதில் செய்தாங்க? பதில் முருகன் பெயரிலேயே இருக்கு. வடமொழியில் சரம் என்றால் ஒரு வகை நாணல். அம்புக்கும் அதே சொல்தான். சரவணம் என்றால் நாணற்காடு. கந்தன் அவதரித்த சரவணப் பொய்கையே அம்பு விளையும் இடம்தான்! மரத்தை அறுத்து இழைப்பதற்கு முன்னாலேயே, நேரா வளர்ந்த தண்டை அப்படியே அம்பாக்கி இருக்காங்க.

நாணல் மட்டும் இல்லை, மரத்தின் இளங்கிளையும் உதவும். 1991-ல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லை பனிமலையில் சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தைய மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தாங்க. அவன் அம்பறாத்தூணியில் 14 அம்புத் தண்டுகள். எல்லாமே புதர்ச்செடியின் இளங்கிளைகளைச் சீவி எடுத்தவை. அதில் இரண்டுதான் முழுசா முடிந்த அம்பு: முனையில் சிக்கிமுக்கிக் கல், வாலில் நூலால் சுற்றிக் கட்டிய இறகு. மற்ற 12-ம் பாதி வேலையில் நிற்குது. ஒரு அம்புக்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் வேணும்னு இதிலேயே தெரியும்.

நம்ம முறையும் அதேதான். வெட்டிய கொய்யா மரத்தின் அடியிலிருந்து நேரா மேலே கிளம்பும் கிளையா பார்க்கணும். சுண்டு விரல் கனம், கை நீளம். பாராங்கில் வெட்டி, பட்டையை உரித்து, பத்துப் பத்தாக இறுக்கிக் கட்டி, வெயில் நேரா படாத, காற்று வரும் இடத்தில் காய வைக்கணும். ஜொகூர் ஈரத்துக்கு மூடி வைத்தால் பூஞ்சை பிடிச்சிடும். காய்ந்த பிறகு வளைந்த இடத்தைத் தணலில் காட்டி, சூட்டோடு நிமிர்த்தி, ஆறும் வரை கையை எடுக்காம பிடிக்கணும். தடித்த பக்கம்தான் முனை. எடை முன்னால் இருந்தால்தான் அம்பு நேரா போகும். மெல்லிய பக்கத்தில் நாண் உட்காரப் பள்ளம் வெட்டி, பிளக்காமல் இருக்க அதன் கீழே நூல் சுற்றணும்.

தோட்டத்துக் காலத்தில் இதைச் செய்யத் தெரிந்தவங்க நிறைய பேர். இப்போ எங்களில் இரண்டே பேர், இருவருக்கும் அறுபது தாண்டிடுச்சு. ரெடிமேடா வாங்கிடலாம்னு பேச்சும் வருது. வாங்கலாம், பூஜையும் நடக்கும். ஆனால் ஒருமுறை கை விட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தர யாரும் இருக்க மாட்டாங்க.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயில் பின்புறம் கிளை வெட்டப் போறோம். இளைஞர்கள் வாங்க, பிள்ளைகளையும் கூட்டி வாங்க. வீட்டில் கொய்யா மரம் இருக்கிறவங்க கிளையைக் கழித்துத் தூக்கிப் போட்டுடாதீங்க, எங்களிடம் சொல்லுங்க.

ஓம் சரவணபவ.